காயத்துக்கு வீதம் போட்டவர்களும் அதை எதிர்த்துக் கேட்டவர்களும்



இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள். வீட்டில் போரில் காயப்பட்டவர் ஒருவர் இருந்தால் அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

நம் அல்லைப்பிட்டியிலும் சுற்றுவட்டத்திலும் சில வீடுகளில் அலுமாரிக்குள் ஒரு கடதாசி பத்திரமாக இருக்கும். வைத்தியர் கையெழுத்திட்டது. “நிரந்தர அங்கவீனம்” என்று எழுதி, பக்கத்தில் ஒரு இலக்கம் போட்டிருக்கும். 30 வீதம், 40 வீதம், 60 வீதம். அதை வைத்துத்தான் ஒரு கொடுப்பனவு வரும் அல்லது வராமல் போகும். ஏன் 40, ஏன் 60 இல்லை என்று யாரிடமாவது கேட்டீர்களா என்றால், “டொக்டர் போட்டது, நாங்கள் என்ன கேட்கிறது?” என்பார்கள்.

கேட்கலாம். கேட்டவர்கள் இருக்கிறார்கள். மனித உடம்பின் இழப்பை வீதமாக எழுதும் பழக்கம் உலகெங்கும் பரவியதில் பெரும்பங்கு போரில் காயப்பட்ட சிப்பாய்களுக்கு ஓய்வூதியம் கொடுத்த முறைக்கு உண்டு. அந்த வீதம் பிழை என்று மேன்முறையீடு செய்யும் வழியைப் போராடித் திறந்தவர்களும் அதே சிப்பாய்கள்தான். இன்று அந்த வரலாற்றைத்தான் எழுதப்போகிறேன்.

“ஸேர், இராணுவத்தின் கதை நமக்கு எதற்கு?” என்று சிலர் கேட்பீர்கள். கேட்பதில் நியாயம் உண்டு. 1990 ஓகஸ்ட்டில் இராணுவம் தீவகத்தில் இறங்கியபோது இந்த ஊர் எத்தனை ஆண்பிள்ளைகளைத் தொலைத்தது என்பதும், 2006 இல் பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சம் புகுந்தவர்கள் மேல் எறிகணை விழுந்ததும் உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியவை அல்ல. 1990 ஒக்டோபரில் எங்கள் சனம் புலிகளால் யாழ்ப்பாணத்தை விட்டு வெறுங்கையோடு வெளியேற்றப்பட்டதும் உங்களுக்குத் தெரியும். துவக்கு வைத்திருந்தவர்களைப் பற்றிப் பேசுவது இங்கே யாருக்கும் லேசான காரியம் இல்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். துவக்குத் தூக்கித் தனக்காகச் சண்டை போட்டவனையே ஓர் அரசு கந்தோர் வாசலில் காக்க வைத்து “உன் காயத்தை நிரூபி” என்று கேட்டிருக்கிறது என்றால், சாதாரண சனத்தின் கதி என்ன? அவன் வென்றெடுத்த விதி நமக்கும் உதவும்.

முதலில் பட்டியல் வந்தது

போர் வீரர்களுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் பெயர்ப் பட்டியல் எழுதிக் கொடுப்பனவு கொடுத்த பழைய ஏற்பாடுகளில் ஒன்று, கலீஃபா உமர் (ரழி) அவர்கள் ஹிஜ்ரி 20 ஆம் ஆண்டளவில் தொடங்கிய திவான். அதில் ஒரு சம்பவத்தை வரலாற்று நூல்கள் சொல்கின்றன. ஆரம்பத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்குத்தான் கொடுப்பனவு. ஓரிரவு உமர் அவர்கள் ஒரு குழந்தை விடாமல் அழுவதைக் கேட்டு விசாரித்தார்கள். கொடுப்பனவு சீக்கிரம் கிடைக்கட்டும் என்று தாய் நேரத்துக்கு முன்பே பால் மறக்கடிக்கிறாள் என்று தெரியவந்தது. பிறந்த நாளிலிருந்தே கொடுப்பனவு என்று விதியை மாற்றினார்கள்.

இதில் நான் கவனிப்பது இதைத்தான். விதி எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. ஆனாலும் அது ஒரு வீட்டுக்குள் போய்ப் பிள்ளையை அழ வைத்தது. அன்று ஆட்சியாளரே அந்த வழியால் நடந்து போனார், அழுகை காதில் விழுந்தது. ஆட்சியாளர் நடந்து வராத ஊரில் அழுகிறவர் எங்கே போய்த் தட்டுவது? அதற்குப் பிறகு வந்த நூற்றாண்டுகளில் மனிதர் அந்தக் கதவைத்தான் தேடினார்கள்.

இங்கிலாந்தில் 1593 இல் ஊனமுற்ற படைவீரருக்கும் மாலுமிகளுக்கும் உதவ ஒரு சட்டம் வந்தது. உள்ளூர் வரிப்பணத்திலிருந்து உதவி. காயப்பட்டவன் உள்ளூர் நீதவான்களிடம் மனுக் கொடுத்து அவர்களின் தயவை எதிர்பார்க்க வேண்டும். அது உரிமையாக இருக்கவில்லை. கொடுத்தால் கொடுத்ததுதான்.

பிறகு வீதம் வந்தது

முதலாம் உலகப் போர் 1914 இல் தொடங்கியது. காயப்பட்டுத் திரும்பியவர்கள் லட்சக்கணக்கில். பிரித்தானியா 1916 டிசம்பரில் ஓய்வூதிய அமைச்சு ஒன்றை உருவாக்கியது. 1917 இல் உறுப்பு வாரியாக ஒரு பட்டியல் நடைமுறைக்கு வந்தது. இரண்டு கை கால்கள் போனால் 100 வீதம். முகம் மிக மோசமாகச் சிதைந்தாலும் 100. வலது கை தோளோடு போனால் 90, இடது கை தோளோடு போனால் 80. 100 வீதத்துக்கு அன்று கிழமைக்கு 27 சிலிங் 6 பென்ஸ். 20 வீதத்துக்கு 5 சிலிங் 6 பென்ஸ்.

வலக்கைக்கும் இடக்கைக்கும் 10 வீத வித்தியாசம். இடக்கைக்காரன் என்ன செய்வான்? ஒரு தச்சனுக்கு விரல் போவதும் ஒரு காவலாளிக்கு விரல் போவதும் ஒன்றா? பட்டியல் அதைப் பார்க்காது. எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளப்பதில் ஒரு நேர்மை இருக்கிறது, வைத்தியருக்குப் பிடித்தவனுக்குக் கூட, பிடிக்காதவனுக்குக் குறைய என்று போட முடியாது. ஆனால் பட்டியலுக்குள் அடங்காத காயங்கள் இருந்தன. குண்டுச் சத்தத்தில் மனம் உடைந்தவன், நச்சுவாயு சுவாசித்து இருமுகிறவன், அகழிக்குள் நோய் பிடித்தவன். இவர்களிடம் அமைச்சு கேட்ட கேள்வி வேறு: “இந்த நோய் படைச் சேவையால்தான் வந்தது என்பதற்கு என்ன ஆதாரம்?”

இங்கிருந்துதான் மேன்முறையீட்டின் வரலாறு தொடங்குகிறது. 1919 ஆம் ஆண்டுச் சட்டம் ஓய்வூதியத்தை உரிமையாக்கியது. அமைச்சுக்குக் கட்டுப்படாத ஓய்வூதிய மேன்முறையீட்டு மன்றங்களையும் அமைத்தது. மன்றத்தில் மூன்று பேர்: ஒரு சட்டம் படித்தவர், ஒரு வைத்தியர், மூன்றாமவர் தானே காயப்பட்ட ஒரு முன்னாள் படைவீரர். அந்த மூன்றாவது கதிரையைக் கவனியுங்கள். செயற்கைக் காலோடு மாடி ஏறுவது என்றால் என்ன என்று தெரிந்த ஒருவர் முடிவெடுக்கும் மேசையில் இருக்கவேண்டும் என்று அன்றே புரிந்துகொண்டார்கள்.

ஆனால் 1921 இல் இன்னொரு சட்டம் கதவை ஒருக்களித்தது. சேவையிலிருந்து விலகி 7 ஆண்டுகளுக்குள் கோரவேண்டும் என்று எல்லை வைத்தது. நுரையீரலுக்குக் கலண்டர் தெரியுமா? எட்டாவது ஆண்டில் நோய் முற்றியவன் சட்டத்தின் கண்ணுக்குச் சுகதேகி.

நம் நாட்டில் பூத்த பூவரசம்பூ

அந்தக் காலத்தில் இலங்கை பிரித்தானியாவின் குடியேற்ற நாடு. இங்கிருந்தும் ஆட்கள் அந்தப் போருக்குப் போனார்கள். போர் முடிந்த நாளான நவம்பர் 11 இல் ஒவ்வோர் ஆண்டும் பொப்பிப் பூ விற்று முன்னாள் படைவீரருக்கு நிதி சேர்ப்பார்கள். கொழும்பிலும் விற்றார்கள். சேர்ந்த பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குப் போனது. இலங்கைச் சிப்பாய்க்குக் கிடைத்தது சொற்பம்.

இதை எதிர்த்து 1931 இல் இலங்கை முன்னாள் படைவீரர் சங்கத்தைச் சேர்ந்த ஏலியன் பெரேரா, அதே நாளில் சூரிய மல் விற்கத் தொடங்கினார். சூரிய மல் என்றால் வேறொன்றுமில்லை, நம் வேலிகளில் நிற்கும் பூவரசின் பூதான். சின்ன வயதில் அதன் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத பிள்ளை இங்கே உண்டா? 1933 இல் இளைஞர் இயக்கங்கள் அதைக் கையிலெடுத்தன. அது ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக வளர்ந்தது. அதில் நின்றவர்களில் பலர் 1935 இல் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள்.

சூரிய மல் இயக்கத்தைப் பாடப்புத்தகத்தில் எல்லோரும் படித்திருப்போம். அதன் வேர், காயப்பட்டு வந்த உள்ளூர்ச் சிப்பாய்க்குப் பங்கு கிடைக்கவில்லை என்ற சின்ன முறைப்பாடு என்பதை மறந்துவிடுகிறோம்.

சுமை யார் தலையில்?

இரண்டாம் உலகப் போர் வந்தது. பிரித்தானியாவில் மீண்டும் அதே பிரச்சினை. சேவையில் சேரும்போது “உடல்நலம் நன்று” என்று முத்திரை குத்தி எடுத்தவனை, நோய் வந்து அனுப்பும்போது “இது உன் பிறவி நோய்” என்றார்கள். நாடாளுமன்றத்திலும் வெளியிலும் எதிர்ப்பு எழுந்தது. சேவைக்குத் தகுதி என்றால் ஓய்வூதியத்துக்கும் தகுதிதான் என்பது அன்றைய கோஷம்.

1943 இல் விதி தலைகீழானது. நோய் சேவையால் வந்தது என்று சிப்பாய் நிரூபிக்க வேண்டியதில்லை. சேவையால் வரவில்லை என்று அமைச்சுத்தான் காட்டவேண்டும். நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் பலன் சிப்பாய்க்கு. அதே ஆண்டின் மேன்முறையீட்டு மன்றச் சட்டம், சட்டக் கேள்வி எழுந்தால் மேல் நீதிமன்ற நீதிபதியிடம் போகவும் வழி திறந்தது.

அப்படிப் போன வழக்குகளை 1945 முதல் விசாரித்தவர் டெனிங் என்ற நீதிபதி. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அதே டெனிங் பிரபு. 1947 இல் மில்லர் என்ற சிப்பாயின் விதவை தொடுத்த வழக்கில், எவ்வளவு ஆதாரம் இருந்தால் போதும் என்பதை அவர் விளக்கினார். அந்த விளக்கத்தை இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். அந்த அம்மா வழக்கில் தோற்றார். ஆனால் அவர் கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதில் பின்னால் வந்தவர்களுக்குப் பயன்பட்டது.

இன்னொரு வழக்கு ரொபேர்ட்சன் என்ற அதிகாரியுடையது. அவருடைய காயம் சேவையால் வந்தது என்று ஏற்றுக்கொள்வதாகப் போர் அலுவலகம் 1940 இல் கடிதம் எழுதியது. அதை நம்பி அவர் வேறு வைத்தியரிடம் போய் ஆதாரம் எடுக்கவில்லை. பிறகு ஓய்வூதிய அமைச்சு, இது 1927 இல் பட்ட பழைய காயம் என்றது. டெனிங் ஒத்துக்கொள்ளவில்லை. ஓர் அரச அலுவலகம் கடிதம் மூலம் கொடுத்த வாக்கை நம்பி ஒருவர் நடந்தபின், இன்னோர் அலுவலகம் அதை உதற முடியாது என்றார். அவர் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திராவிட்டால் வழக்கே இல்லை.

அமெரிக்காவில் கதவு இன்னும் இறுக்கமாக இருந்தது. 1864 முதல் 1988 வரை, ஓய்வூதியக் கோரிக்கையில் உதவும் சட்டத்தரணி 10 டொலருக்கு மேல் வாங்கக்கூடாது என்று சட்டம். ஏழைச் சிப்பாயைச் சுரண்டாமல் காப்பதற்கென்று போட்ட விதிதான். 10 டொலருக்குப் பெறுமதி இல்லாமல் போன காலத்தில், வழக்குப் பேச யாருமே வராமல் போனார்கள். படைவீரர் நிர்வாகத்தின் முடிவை நீதிமன்றம் மறுபரிசீலனை செய்யவும் 1988 வரை வழி இல்லை. உள் மேன்முறையீட்டுச் சபை ஒன்று 1933 இலிருந்து இருந்தது, அதன் சொல்லே கடைசி. வியட்நாம் போர்க் காயக்காரர்கள் தலை நரைக்கத் தொடங்கிய பிறகுதான் நீதிமன்றம் வந்தது.

அங்கே வீதக் கணக்கும் வேடிக்கையானது. ஒரு காயத்துக்கு 50, இன்னொன்றுக்கு 30 என்றால் கூட்டுத்தொகை 80 இல்லை. 50 போக மீதி 50 இல் 30 வீதம், அதாவது 15. மொத்தம் 65. அதை 70 ஆக்குவார்கள். இந்தக் கணக்குத் தெரியாமல் எத்தனை பேர் தங்களுக்கு வந்தது சரியா பிழையா என்று அறியாமல் இருந்திருப்பார்கள்!

பாக்கு நீரிணைக்கு அப்பால்

இந்தியப் படையிலும் வேர் பிரித்தானிய விதிதான். அங்கே 20 வீதம் என்பது வாசற்படி. அதற்குக் குறைந்தால் ஊன ஓய்வூதியம் இல்லை. வைத்திய சபை 15 அல்லது 19 வீதம் என்று எழுதினால் அந்த ஓரிரு இலக்கம் ஒரு குடும்பத்தின் வாழ்நாள் வருமானத்தைத் தீர்மானிக்கும்.

தரம்வீர் சிங் என்ற சிப்பாய் 1985 இல் படையில் சேர்ந்தார். 1994 இல் வலிப்பு நோய் என்று வெளியே அனுப்பினார்கள். 20 வீதம் என்று எழுதிவிட்டு, நோய்க்கும் சேவைக்கும் தொடர்பில்லை என்றார்கள். உயர் நீதிமன்றத்தில் முதலில் வென்றார், மேன்முறையீட்டில் தோற்றார். 2013 ஜூலை 2 இல் இந்திய உச்ச நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால் சேவையில்தான் வந்தது என்று கொள்ளவேண்டும். இல்லை என்று சொல்லும் வைத்திய சபை காரணம் எழுதவேண்டும். 19 ஆண்டுகள் அலைந்து வாங்கிய தீர்ப்பு. 2014 இல் சுக்விந்தர் சிங் வழக்கில், நோய் காரணமாகப் படையே வெளியே அனுப்புகிறது என்றால் ஊனம் 20 வீதத்துக்கு மேல் என்றே கொள்ளவேண்டும் என்றது அதே நீதிமன்றம். எளிய தர்க்கம். வேலைக்கு ஆகாது என்று அனுப்பிவிட்டு, பெரிதாக ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது?

2009 இலிருந்து இவ்வகை வழக்குகளுக்கு ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இயங்குகிறது. சென்னையிலும் அதற்கு ஓர் அமர்வு உண்டு.

நம் கரையில்

இலங்கையில் போர் 2009 மே மாதம் முடிந்தது. வென்ற படையின் காயப்பட்ட சிப்பாய்கள் 2016 இல் கொழும்புக் கோட்டையில் வீதியில் உட்கார்ந்தார்கள். 12 ஆண்டு சேவை முடியுமுன் காயத்தால் விலகியவர்களுக்கும் ஓய்வூதியம் வேண்டும் என்பது கோரிக்கை. அந்த நவம்பரில் பொலிஸார் கண்ணீர்ப்புகையும் நீர்த்தாரையும் அடித்துக் கலைத்தார்கள். செயற்கைக் காலோடு நின்றவர்கள் மேல்.

“போர்வீரர்” என்று சிலை வைப்பது வேறு, ஓய்வூதியக் கணக்கு வேறு. இது நமக்கு நல்ல பாடம்.

ஒரே போரில் மூன்று விதமான காயப்பட்டவர்கள் இருக்கிறார்கள். சிப்பாய்க்கு ஒரு விதிக்கோவையும், 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ரணவிரு சேவா அதிகாரசபையும் உண்டு. பொதுமகனுக்கு 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த புனர்வாழ்வு அதிகாரசபை இருந்தது, 2018 இலிருந்து இழப்பீட்டுக்கான அலுவலகம் இருக்கிறது. மறுபக்கத்தில் நின்று காயப்பட்டு, புனர்வாழ்வு முடித்து வந்தவர்களுக்கு எந்த ஓய்வூதியமும் இல்லை. அவர்களில் பலரைப் பதின்ம வயதில் பலவந்தமாகப் பிடித்துப் போனார்கள் என்பதும் நமக்குத் தெரியும். மூன்று பேருக்கும் முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. கடதாசி மட்டும் மூன்று.

இதிலிருந்து நாம் எடுக்கவேண்டியது

வீதம் ஒரு மனிதர் எடுத்த முடிவு. காரணம் இல்லாத முடிவு செல்லாது என்பதுதான் லண்டனிலிருந்து டெல்லி வரை காயப்பட்டவர்கள் வென்றெடுத்த ஒரே பெரிய விடயம். நம் நாட்டில் அந்தக் காரணத்தைக் கேட்கச் சட்டமே இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், 35 ஆம் பிரிவு. ஓர் அரச அலுவலகத்தின் முடிவால் பாதிக்கப்பட்டவர் கேட்டால், அந்த முடிவுக்குரிய காரணத்தை அதிகாரி சொல்லவேண்டும். ஆகவே:

1. எந்தக் கடிதத்தையும் எறியாதீர்கள். போட்டோப் பிரதி எடுத்து வையுங்கள். வைத்தியசாலையில் தரும் நோய் நிர்ணய அட்டை, எக்ஸ்ரே, பழைய கிளினிக் கொப்பி எல்லாம் ஆதாரம். ரொபேர்ட்சனைக் காப்பாற்றியது ஒரு கடிதம்.

2. நிராகரித்தால் அல்லது வீதம் குறைவு என்றால், காரணத்தை எழுத்தில் தமிழிலேயே கேளுங்கள். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி. அது நமக்கு யாரும் செய்யும் உதவி அல்ல.

3. திகதியைக் கவனியுங்கள். மேன்முறையீட்டுக்குக் காலக்கெடு இருக்கும். அடிப்படை உரிமை வழக்கென்றால் ஒரு மாதம்தான். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்திலேயே அலுவலகம் இருக்கிறது. சட்டத்தரணி ஒருவரிடம் முதலிலேயே கேட்பது நல்லது.

4. காயம் இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். 2006 இல் போட்ட வீதம் 2006 இன் உடம்புக்கு. எறிகணைத் துண்டு உள்ளே இருக்கிறவருக்கு வயது போகப்போக நோ கூடும். புதிய வைத்திய அறிக்கை எடுத்துக்கொண்டு போங்கள்.

5. தனியே போகாதீர்கள். படித்த பிள்ளை ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

2023 இல் அஸ்வெசும பட்டியல் வந்தபோது நாடு முழுவதும் லட்சக்கணக்கானோர் மேன்முறையீடு எழுதினார்கள். கேட்கத் தெரியாத சனம் அல்ல நாம். ஆனால் உடம்பு என்று வந்ததும் நாக்கு மடிந்துவிடுகிறது. எங்கள் ஊனத்தைப் பற்றி நாங்களே பேசுவது கூச்சமாக இருக்கிறது. பிச்சை கேட்பதுபோல் தோன்றுகிறது. 1593 இல் அது தயவுதான். 1919 இல் உரிமையானது. நடுவில் 326 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகள் எடுத்து மாறிய ஒரு சொல்லை நாம் கூச்சத்தால் பழையபடி தயவாக்கிவிடக் கூடாது.

யாருக்காவது மேன்முறையீட்டுக் கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் உள்பெட்டியில் சொல்லுங்கள். பாடசாலை விட்ட பிறகு பின்னேரங்களில் நேரம் இருக்கிறது. என் உயர்தர வகுப்புப் பிள்ளைகளும் கையெழுத்து அழகாக எழுதுவார்கள், அவர்களுக்கும் இது ஒரு பாடம். கடதாசிகளை மட்டும் ஒரு பைலில் போட்டு, திகதி ஒழுங்கில் கொண்டு வாருங்கள்.